ஐஸ் விலகிய பிறகு அல்கொன்குவின்: கனூவில் முதல் வசந்தகாலப் பயணம் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் கார் ஓடினால் அல்கொன்குவின் மாகாணப் பூங்கா வந்துவிடும். 1893இல் தொடங்கியது. ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் மூத்தது இதுதான். 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் காடு, அதற்குள் 2,400க்கு மேற்பட்ட ஏரிகள். நம்மில் பலர் இலையுதிர்காலத்தில் 60ஆம் நெடுஞ்சாலை ஓரம் நின்று மேப்பிள் மரங்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருப்போம். அந்தச் சாலை பூங்காவின் தெற்குப் பக்கத்தில் வெறும் 56 கிலோமீற்றர்தான் ஓடுகிறது. மிச்சக் காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் கனூ எனப்படும் துடுப்பு வள்ளம்தான் வழி.

ஐஸ் விலகியதிலிருந்து ஜூன் தொடக்கம் வரையான காலத்தில் முதல் முறையாக உள்ளே போய், இரண்டு இரவு தங்கி வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜூலையில் போய்ப் பழகியவர்களும் வாசிக்கலாம். கோடையில் நனைந்து, சிரித்து, மறந்துவிடுகிற சங்கதிகள் மே மாதத்தில் அப்படி முடிவதில்லை.

முதலில் திகதி

அல்கொன்குவின் ஏரிகளில் ஐஸ் வழக்கமாக ஏப்ரல் கடைசிக்கும் மே முதல் கிழமைக்கும் இடையில் விலகும். சில வருடம் முந்தும், சில வருடம் பிந்தும். விலகிய கையோடு வள்ளத்தை இறக்குகிற கூட்டம் ஒன்று உண்டு. ட்ரவுட் மீன் மேலேயே நிற்கும், நுளம்பு இல்லை, ஏரியில் வேறு ஆள் இல்லை என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் நமக்கும் ஆசை வரும். பல வருடம் துடுப்புப் பிடித்தவர்களுக்கு அது சரி. புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது நேர்மாறு: மே நடுப்பகுதி தாண்டட்டும். கடிக்கிற பூச்சி வந்த பிறகு போங்கள்.

காரணம் தண்ணீர். 4 பாகை செல்சியஸில்தான் தண்ணீர் மிகக் கனமாக இருக்கும். ஐஸ் உருகியதும் மேல்தண்ணீர் மெல்லச் சூடாகி 4 பாகையை நெருங்கும்போது கனத்துக் கீழே இறங்கும், கீழே கிடந்தது மேலே வரும். காற்றும் சேர்ந்து கலக்கிவிட, மேலிருந்து அடிவரை ஏரி முழுக்க ஒரே குளிர். அவ்வளவு தண்ணீரையும் வெயில் சூடாக்கி எடுக்கக் கிழமைக் கணக்கில் ஆகும். அதனால்தான் மே முதல் கிழமையில் 20 பாகை வெயில் அடித்தாலும், வள்ளத்துக்கு வெளியே கையை விட்டுப் பார்த்தால் கொஞ்ச நேரத்திலேயே விரல் எலும்பு வலிக்கத் தொடங்கும். கைத்தொலைபேசியில் வானிலை பார்த்து நாள் குறித்தால் ஏமாந்து போவோம். இந்தப் பயணத்தில் எங்கே போவது, எவ்வளவு தூரம், என்ன உடுப்பது எல்லாவற்றையும் தண்ணீரின் குளிரை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

சரி, பூச்சி. பிளாக் ஃபிளை எனப்படும் சின்னக் கறுப்பு ஈக்கள் மே நடுப்பகுதியில் கிளம்பி ஜூன் கடைசி வரை இருக்கும். ஓடுகிற தண்ணீரில்தான் அவை பெருகும். கடிக்கும்போது தெரியாது. காதுக்குப் பின்னால், கழுத்தில், தொப்பி விளிம்புக்குக் கீழே இரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். பகலில் மட்டும்தான் கடிக்கும். கூடாரத்துக்குள் தப்பித் தவறி வந்தாலும் நம்மை விட்டுவிட்டு மேலே ஏறிக் கூரைத் துணியில் மோதிக்கொண்டிருக்கும். கறுப்பு, கடுநீல உடுப்புகளைத் தேடி வரும். ஆகவே வெளிர் நிற நீளக் கைச் சட்டை, காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் சொருகுவது, தலைக்கு வலை, அல்லது வலையோடு வருகிற முழு ஜக்கெற். இவ்வளவும் இருந்தால் சமாளிக்கலாம். நுளம்பு கொஞ்சம் பிந்தி, ஜூனில் சேர்ந்துகொள்ளும். கடித்த இடம் நாலு நாள் சொறியும், அவ்வளவுதான். 4 பாகைத் தண்ணீரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

மே 25க்கு முந்திய திங்கள் விக்டோரியா தினம். அந்த நீண்ட வார இறுதியில் பாதி ரொறன்ரோ 400ஆம் நெடுஞ்சாலையில்தான் நிற்கும். அதற்கு அடுத்த கிழமை, முடிந்தால் செவ்வாய் புதன் வியாழன் என்று வேலைநாட்களில் லீவு எடுத்துப் போவது நல்லது.

பாதை தெரிவு

கோடைகாலக் கட்டுரைகளில் ஒரு நாளைக்கு 15, 20 கிலோமீற்றர் என்று போட்டிருப்பார்கள். புதியவர்கள் வசந்தத்தில் அதைப் பாதியாக்க வேண்டும். எதிர்காற்று அடித்தால் மணிக்கு இரண்டு கிலோமீற்றர் போவதே பெரும்பாடு. அதோடு போர்ட்டேஜ் இருக்கிறது: ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் வள்ளத்தையும் மூட்டையையும் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுப்பாதையில் நடப்பது. வரைபடத்தில் அதன் நீளம் மீற்றரில் போட்டிருக்கும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் தூக்க முடியாது. ஒருமுறை மூட்டையோடு போய், வெறுங்கையோடு திரும்பி, மறுபடி வள்ளத்தோடு போனால் 300 மீற்றர் என்பது 900 மீற்றர் ஆகிவிடும். மேயில் அந்தப் பாதையில் உருகிய தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் விழுந்த மரங்களைப் பூங்காப் பணியாளர்கள் எல்லா இடத்திலும் வெட்டி அகற்றி முடித்திருக்க மாட்டார்கள்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது கனூ லேக். பெயரே அதுதான். 60ஆம் நெடுஞ்சாலையில், பூங்காவின் மேற்கு வாசலிலிருந்து 14ஆவது கிலோமீற்றரில் இருக்கிறது. கார் நிறுத்துமிடம், அனுமதி அலுவலகம், வாடகை வள்ளம் எல்லாம் கரையிலேயே கிடைக்கும். அங்கிருந்து வடக்கே கரையை ஒட்டி ஒன்று, ஒன்றரை மணி நேரம் துடுப்புப் போட்டால் ஏரியின் மறுமுனை. அங்கே 295 மீற்றர் போர்ட்டேஜ், அகலமான நல்ல பாதை. தாண்டினால் ஜோ லேக். முதல் இரவு அங்கேயே தங்கலாம். அடுத்த நாள் தெம்பு இருந்தால் டீப்பி, ஃபான், லிட்டில் டோ என்று ஒன்றோடொன்று தொடுத்த சின்ன ஏரிகள் வழியாக டொம் தொம்சன் லேக் வரை போய்வரலாம். நடுவில் பீவர் கட்டிய அணை குறுக்கிட்டால் இறங்கி வள்ளத்தை இழுக்க வேண்டிவரும். தெம்பு இல்லையென்றால் ஜோ லேக்கிலேயே இன்னொரு இரவு கிடந்து, தேத்தண்ணி குடித்து, லூன் பறவை கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு வரலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

டொம் தொம்சன் கனடாவின் பேர்பெற்ற ஓவியர். இந்தக் காட்டில் வழிகாட்டியாக வேலை செய்தவர், கனூவில் நல்ல தேர்ச்சி உள்ளவர். 1917 ஜூலையில் இதே கனூ லேக்கில் காணாமல்போய், எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. எப்படி இறந்தார் என்று இன்றுவரை சண்டை பிடிக்கிறார்கள். ஏரிக்கரையில் அவருக்கு 1917இலேயே எழுப்பிய கல் நினைவுச் சின்னம் இருக்கிறது. போகிற வழியில் இறங்கிப் பார்க்கலாம்.

ஓப்பியோங்கோ ஏரியைப் பற்றிக் கேட்பீர்கள். பூங்காவிலேயே பெரியது, மூன்று கைகளாகப் பிரிந்து கிடப்பது, அழகானது. ஆனால் காற்று எழும்பினால் நடுவில் அலை வள்ளத்துக்குள் வந்து விழும். அதைக் கோடைக்கு வையுங்கள்.

ஆறு வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வசந்தத்தில் பனி உருகிய வெள்ளம் முழுவதும் ஆறுகளில்தான் இறங்குகிறது. பூங்காவின் வடகிழக்கே ஓடும் பெற்றவாவா ஆறு, நுரைத்துப் பாயும் வேகநீரில் வள்ளம் விடுகிறவர்களிடையே பேர்போனது. 1968 மே மாதம் பிளேர் ஃப்ரேசர் என்ற புகழ்பெற்ற கனேடியப் பத்திரிகையாளர் அந்த ஆற்றின் ரோல்வே வேகநீரில் அடிபட்டு இறந்தார். அவர் புதியவர் அல்ல, வருடா வருடம் நண்பர்களோடு கனூப் பயணம் போனவர். வேகநீரில் முறையாகப் பயிற்சி எடுக்காதவர்கள் மே மாதத்தில் எந்த ஆற்றிலும் வெள்ளை நுரை தெரிகிற பகுதியில் இறங்கவே கூடாது. ஏரிகளை இணைக்கிற சின்ன, அமைதியான ஓடைகள் போதும்.

பதிவு

சாலை போகாத உட்காட்டில் தங்குவதற்கான அனுமதியை, மாகாணப் பூங்காக்களை நடத்துகிற ஒன்ராறியோ பார்க்ஸின் இணையத்திலோ தொலைபேசியிலோ ஐந்து மாதம் முன்னதாகவே எடுக்கலாம். வேலைநாளாக இருந்தால் அவ்வளவு முந்தத் தேவைப்படாது. பதிவு செய்வது ஏரியைத்தான், குறிப்பிட்ட முகாமிடத்தை அல்ல. ஜோ லேக் என்று பதிவு செய்தால் அந்த ஏரியில் செம்மஞ்சள் முக்கோண அட்டை தொங்குகிற இடங்களில் எது காலியோ அதில் தங்கலாம். ஓரிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பும்போது இதை மறந்துவிடுகிறார்கள். பதினைந்து பேர் என்றால் இரண்டு அனுமதி, இரண்டு இடம். முதல் தடவைக்கு நாலு பேர், இரண்டு வள்ளம் என்பதுதான் நல்ல கணக்கு. ஒரு வள்ளம் கவிழ்ந்தால் உதவ இன்னொன்று வேண்டும்.

மீன் பிடிக்க நினைத்தால் ஒன்ராறியோ மீன்பிடி உரிமம் தனியாக வேண்டும். உயிருள்ள சின்ன மீனை இரையாகக் கொண்டுபோக அல்கொன்குவினில் தடை.

வள்ளம், துடுப்பு, உயிர்காப்பு அங்கி

இரண்டு பேருக்கு 16 அல்லது 17 அடி வள்ளம் வாடகைக்கு எடுங்கள். கெவ்லார் என்ற இலேசான இழையில் செய்தது 20 கிலோ வாக்கில் இருக்கும், அலுமினியம் 30 கிலோவைத் தாண்டும். வாடகை வித்தியாசத்தைப் பார்த்துக் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், போர்ட்டேஜில் தோள் சொல்லும். ஆளுக்கொரு துடுப்பு, கூட ஒன்று உபரி. வள்ளத்தில் விசில், தண்ணீர் அள்ளி ஊற்ற வாளி, 15 மீற்றர் மிதக்கும் கயிறு ஆகியவை இருக்க வேண்டும் என்பது சட்டம். வாடகைக் கடையில் கேட்டால் ஒரு சின்ன டப்பாவுக்குள் எல்லாம் வைத்துத் தருவார்கள்.

உயிர்காப்பு அங்கி வள்ளத்தில் இருந்தால் சட்டத்துக்குப் போதும். தண்ணீருக்குப் போதாது. கரையை விட்டுக் கிளம்பும்போது போட்டால் மறுகரையில் இறங்கிய பிறகுதான் கழற்ற வேண்டும். கடையிலேயே போட்டு, சிப்பை இழுத்து, இன்னொருவரை இரண்டு தோள்பட்டியையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை ஏறினால் அளவு பெரிது, மாற்றுங்கள். குளிருக்கு மொத்தமாக உடுத்திக்கொண்டு போவதால், அந்த உடுப்போடுதான் அளவு பார்க்க வேண்டும்.

புறப்பட முன் ஒரு நாளாவது பழக வேண்டும். ஸ்காபரோக்காரர்களுக்கு ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் சேர்கிற சதுப்புப் பக்கம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. கனூப் பயிற்சிக்கான தேசிய அமைப்பான பாடில் கனடாவின் சான்றிதழ் பெற்ற பயிற்றுநரிடம் ஒரு நாள் வகுப்பு எடுத்தால் இன்னும் நல்லது. மூன்று விஷயம் கைவந்தால் போதும். ஒன்று, முன்னால் இருப்பவர் நேராக இழுக்கும்போது பின்னால் இருப்பவர் இழுப்பின் முடிவில் துடுப்பை வெளிப்பக்கம் லேசாகத் திருப்பி வள்ளத்தை நேர்ப்படுத்துவது. ஆங்கில ஜே எழுத்துப் போல வளைவதால் அதற்கு ஜே ஸ்ட்ரோக் என்று பெயர். இரண்டு, பக்கவாட்டில் வள்ளத்தை இழுத்துக் கரை சேர்ப்பது. மூன்று, அலை வந்தால் இருக்கையை விட்டு இறங்கி வள்ளத்தின் அடியில் முழங்காலில் நிற்பது. எடை கீழே இறங்கினால் வள்ளம் ஆடுவது பாதியாகக் குறையும்.

உடுப்பு

ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி ரீ-ஷேர்ட், பருத்திக் காலுறை, ஹூடி ஒன்றும் வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளி, ஃப்ளீஸ், பொலியெஸ்ரர் போதும், விலை கூடிய பிராண்ட் தேவையில்லை. மழைக்கு மேல்சட்டையோடு காற்சட்டையும் வேண்டும். மழையில் துடுப்புப் போடும்போது தொடையில்தான் தண்ணீர் தேங்கும்.

இரண்டு செற் போதும்: ஒன்று தண்ணீருக்கு, ஒன்று முகாமுக்கு. முகாம் உடுப்பைத் தண்ணீர் புகாத பையில் கட்டி, கூடாரம் அடித்த பிறகுதான் திறக்க வேண்டும். காலையில் ஈர உடுப்பை மறுபடி மாட்டுவது கொடுமைதான். அதற்குப் பயந்து காய்ந்த உடுப்போடு வள்ளத்தில் ஏறினால் அன்று இரவுக்கு ஒன்றும் மிஞ்சாது. சாரம் கட்டாமல் நித்திரை வராது என்கிறவர்கள் அதைக் கூடாரத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மே கடைசியில்கூட இரவு சுழியத்துக்குக் கிட்டப் போகும். ஸ்லீப்பிங் பாக் மறை 7 பாகைக்காவது தாங்குவதாக இருக்கட்டும். கீழே விரிக்கிற மெத்தை அதைவிட முக்கியம், குளிர் நிலத்திலிருந்துதான் ஏறும்.

சாப்பாடு

சாப்பாடு அடைத்த தகரப் பேணியும் கண்ணாடிப் போத்தலும் உட்காட்டுக்குள் கொண்டுபோகத் தடை. அதாவது ரின் மீன் கிடையாது. நம் சமையலில் பாதி அங்கேயே போய்விட்டது என்று தோன்றும். கருவாட்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். குளிர்கால உறக்கம் முடிந்து பசியோடு திரிகிற கறுப்புக் கரடிக்கு அதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது.

மற்றபடி நம் சாமான்கள் இந்தப் பயணத்துக்கென்றே செய்தது போல இருக்கும். சோயாமீற் இறகு போல் பாரமில்லாதது, பத்து நிமிடத்தில் கறியாகும். மைசூர்ப் பருப்பு ஊறப்போடாமலே பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும், கடலைப் பருப்பை நினைக்கவே வேண்டாம். பாஸ்மதி அரிசி கொண்டுபோங்கள், புழுங்கல் அரிசி காஸ் குடிக்கும். ரவையை வீட்டிலேயே வறுத்து, தாளிதத்தையும் உப்பையும் சேர்த்துக் கலந்து பையில் கட்டினால் காலையில் கொதிதண்ணீர் ஊற்றுவது மட்டும்தான் வேலை. முதல் இரவுக்கு மட்டும் வீட்டில் சமைத்த இறைச்சிக் கறியைத் தடித்த சிப் பையில் இறுக உறையவைத்து எடுத்துப்போங்கள். மாலை வரும்போது உருகியும் உருகாமலும் இருக்கும், சூடாக்கினால் போதும். உலர் சாமான் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் வரை. கச்சான், பேரீச்சம்பழம், சொக்கலேற் எல்லாம் மூட்டைக்குள் அல்ல, சட்டைப் பையில் இருக்க வேண்டும். குளிரில் வயிறு எரிந்துகொண்டே இருந்தால்தான் கை வேலை செய்யும்.

அடுப்பு கட்டாயம். விறகை நம்ப முடியாது, மேயில் எல்லாம் ஈரம். அல்லது அதற்கு நேரெதிராக, இலை துளிர்க்குமுன் பழைய சருகு காய்ந்து கிடந்து தீத்தடை போட்டிருப்பார்கள். ஒன்ராறியோவில் காட்டுத்தீக் காலம் ஏப்ரல் 1இலேயே தொடங்குகிறது. காஸ் பேணி குளிரில் சோர்ந்துவிடும், காலையில் பற்றவைக்கச் சற்று முன் ஜக்கெற்றுக்குள் வைத்துச் சூடாக்குங்கள்.

தண்ணீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடிக்க வேண்டும். பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் வயிற்றோட்டம் தருகிற ஜியார்டியா இருக்கலாம். வடிகட்டியில் வசந்தகாலத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. நுண்குழாய் வைத்த வடிகட்டிகள் ஒருமுறை பயன்படுத்திய பிறகு இரவில் உறைந்தால் உள்ளே வெடித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வரும், ஆனால் வடிகட்டாது. பையில் சுற்றி ஸ்லீப்பிங் பாக்குக்குள் உங்களோடு படுக்கவையுங்கள். உறைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே அதை நம்பாமல் கொதிக்கவையுங்கள்.

வீட்டில் விட்டுப்போகும் தாள்

உள்ளே தொலைபேசியை நம்ப முடியாது. எந்த வாசல், எந்த ஏரி, எத்தனை பேர், கார் இலக்கம், வள்ளத்தின் நிறம், எப்போது வெளியே வருவோம், எத்தனை மணிவரை அழைப்பு வராவிட்டால் ஒன்ராறியோ மாகாணப் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பதற்றப்படாத ஒருவரிடம் கொடுங்கள். அம்மாவிடம் கொடுத்தால் முதல் நாள் மாலையே பொலிசுக்குப் போன் போய்விடும். செய்மதித் தொடர்புக் கருவி ஒன்று வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். அதை மூட்டைக்குள் புதைக்காமல் உயிர்காப்பு அங்கியில் மாட்டுங்கள். கவிழ்ந்தால் மூட்டை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். காகித வரைபடத்தைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு முன்னால் விரித்து வையுங்கள்.

போகிற நாள்

400ஆம் நெடுஞ்சாலை, பிறகு 11, ஹன்ற்ஸ்வில் நகரில் 60. ஹன்ற்ஸ்விலில் பெற்றோல் நிரப்புங்கள். குளிர்காலத்தில் வீதியில் கொட்டிய உப்பு ஓரக் குழிகளில் தேங்கிக் கிடக்கும். அதைக் குடிக்க மே, ஜூனில் மூஸ் மான்கள் வீதியோரம் வந்து நிற்கும். நின்று பார்ப்பது சந்தோஷம், இருட்டில் மோதினால் கார் நொறுங்கும். கூடுமானவரை வெளிச்சத்தில் ஓடுங்கள்.

பத்து மணிக்கு முன் தண்ணீரில் இறங்குவது நல்லது. காற்று பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் எழும்பும். பாரமான மூட்டை வள்ளத்தின் நடுவில், அடியில். எடை கூடியவர் பின்னால். எதிர்காற்று என்றால் மூட்டையைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் காற்று முன்முனையைப் பிடித்துத் திருப்பும்.

அப்புறம், கரை. கரையிலிருந்து 50 மீற்றருக்குள்ளேயே போங்கள். குடாவைச் சுற்றினால் நேரம் போகிறதே என்று நேராக நடுவால் வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். அலையைப் பக்கவாட்டில் வாங்காமல் சற்றுச் சரிவாக முகம்கொடுத்து வாங்குங்கள். வெள்ளைத் தலையோடு அலை வரத் தொடங்கினால் கரை ஒதுங்கி, தேத்தண்ணி போட்டு, அடங்கும்வரை இருங்கள். மாலை வரை அடங்காவிட்டால் மாலைவரை இருங்கள். மே கடைசியில் இரவு எட்டரைக்கும் வெளிச்சம் இருக்கும்.

ஜோ லேக்கிலிருந்து திரும்பும்போது இன்னும் கவனம் வேண்டும். போர்ட்டேஜ் தொடங்குகிற இடம் ஜோ லேக் அணைக்குப் பக்கத்தில்தான். போகும்போது அணைக்குக் கீழிருந்து வருவதால் பயமில்லை. வரும்போது மேலிருந்து வருகிறோம், வசந்த வெள்ளம் அணையை நோக்கி இழுக்கும். மஞ்சள் அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டதுமே கரையோடு ஒட்டிக்கொண்டு இறங்குதுறைக்குப் போய்விடுங்கள். எந்த ஏரியிலும் தண்ணீர் வெளியேறுகிற பக்கத்தில் இதே எச்சரிக்கைதான்.

கவிழ்ந்தால்

குளிர்நீரைப் பற்றி ஆராய்ந்த மனிற்றோபா பல்கலைக்கழகத்துக் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. குளிர் அடித்ததும் தானாக வாயைத் திறந்து இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். அங்கி வேண்டும் என்பது முதலில் இதற்காகத்தான். அடுத்த 10 நிமிடம் கைகால் ஓரளவு சொல் கேட்கும். பிறகு விரல் மடங்காது, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் நீந்த முடியாது. உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகலாம். நீச்சல் தெரியும் என்ற தைரியத்தோடு வருகிறவர்கள் அந்த நடுப் பத்தைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. 50 மீற்றர் என்று சொன்னதற்கும் காரணம் அதுதான். அங்கியோடு, கனத்த உடுப்போடு அந்தப் பத்து நிமிடத்துக்குள் கரையேற முடிகிற தூரம் அது.

ஆகவே விழுந்தால்: முதல் நிமிடம் ஒன்றும் செய்யாமல் மிதந்து மூச்சை அடக்குங்கள். பிறகு வள்ளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மூட்டையைத் துரத்த வேண்டாம். கரை கிட்ட என்றால் வள்ளத்தையும் தள்ளிக்கொண்டு போங்கள், அது தாமதப்படுத்தினால் விட்டுவிடுங்கள். மற்ற வள்ளக்காரர்கள் முதலில் ஆட்களைக் கரைசேர்க்க வேண்டும், சாமான் பிறகு.

கரையில் ஈர உடுப்பு முழுவதையும் கழற்றுங்கள், வெட்கம் பார்க்கிற நேரமல்ல. காய்ந்த உடுப்பு, தொப்பி, ஸ்லீப்பிங் பாக். சீனி அள்ளிப் போட்ட சூடான தேத்தண்ணி, ஆள் தெளிவாகப் பேசி விழுங்க முடிந்தால் மட்டும். கைகாலைத் தேய்க்காதீர்கள், மதுவைக் கொடுக்காதீர்கள். நடுக்கம் நிற்காமல் இருப்பது நல்ல அறிகுறிதான். நடுக்கம் நின்று பேச்சுக் குளறினால் செய்மதிக் கருவியில் அவசர பொத்தானை அழுத்துங்கள். இதைப் புறப்பட முன் வீட்டுக் கூடத்தில் வைத்து நாலு பேரும் ஒருமுறை பேசிக்கொள்ளுங்கள். யார் அடுப்பைப் பற்றவைப்பது, யாருடைய பையில் நெருப்புப்பெட்டி என்பது உட்பட.

முகாமில்

இடம் பிடித்ததும் மேலே பாருங்கள். பட்டுப்போன மரமோ தொங்குகிற கிளையோ இருந்தால் கூடாரத்தை வேறு பக்கம் அடியுங்கள். அதன்பின் வெளிச்சம் இருக்கும்போதே, கரடிக்கு எட்டாமல் சாப்பாட்டைத் தொங்கவிடுகிற கயிற்றைக் கட்டிவிடுங்கள். நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரம், அடிமரத்திலிருந்து 2 மீற்றர் தள்ளி. பற்பசை, சவர்க்காரம், உதட்டுக் களிம்பு, கறித்தூள் எல்லாம் அதோடு மேலே போக வேண்டும். நாம் சமைத்தால் தாளித்த வாசம் உடுப்பெல்லாம் ஏறும், அந்த உடுப்போடு படுக்கக் கூடாது. சட்டிபானை கழுவிய தண்ணீரை ஏரியில் ஊற்றாமல் காட்டுக்குள் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

கழிப்பறை என்பது முகாமுக்குப் பின்னால் ஒரு சின்னப் பாதையின் முடிவில் இருக்கும் மூடி போட்ட மரப்பெட்டி. சுவர் கிடையாது, கூரை கிடையாது. பிளாக் ஃபிளை காலத்தில் அதிகாலையில் போய்வருவது புத்திசாலித்தனம்.

கரடி வந்தால் ஓடாதீர்கள். சேர்ந்து நின்று, கையை உயர்த்தி, சட்டியைத் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். பெரும்பாலும் அது தானாகப் போய்விடும்.

வெளியே வந்த பிறகு

காரில் ஏறி முதல் சிக்னல் கிடைத்த இடத்திலேயே, தாள் வைத்திருப்பவருக்கு அழைப்பு எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், பிள்ளைகள் வந்திருந்தால் அவர்களுக்கும். கூடாரத்தை அன்றிரவே நிலவறையில் விரித்துக் காயவைக்க வேண்டும். சுருட்டியபடி ஒரு கிழமை கிடந்தால் பூஞ்சணம் பிடித்து, ஜூலையில் திறக்கும்போது மணக்கும்.